ட்ராக்ல ஓடுற பைக்குக்கு கிமீ கணக்கு ஒத்துவராது: இன்ஜின் செலவு எங்க எப்படி ஏறுது

ட்ராக் டே, அதாவது சொந்த பைக்கை ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள், போக ஆரம்பிச்ச ஆளுங்க எல்லாருமே ஒரு கட்டத்துல கேக்குற கேள்வி இது. மேனுவல்ல டேப்பெட் செக் (வால்வு இடைவெளி அளக்கிறது) 24,000 கிமீன்னு போட்டிருக்கு, நான் வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிமீதான் ட்ராக்ல ஓட்டுறேன், அப்ப பத்து வருஷத்துக்கு இன்ஜினைத் தொடவே வேண்டாமா? கேள்வி நியாயமாத்தான் இருக்கு. கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர், டுகாட்டி பனிகாலே வி4 ரெண்டுக்கும் அந்த 24,000தான், யமஹா ஆர்1-க்கு 40,000-ஐயே தாண்டி போட்டிருப்பாங்க. ஆனா அந்த நம்பரைப் போட்டவங்க மனசுல இருந்தது ஆபீஸ் போயி, வீக்கெண்ட்ல ஈசிஆர்ல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வர்ற வண்டி. சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல காலைல ஒன்பது மணில இருந்து சாயங்காலம் வரைக்கும் ரெட்லைனை (ஆர்பிஎம் மீட்டரோட சிவப்பு எல்லையை) இடிச்சுட்டே ஓடுற வண்டிக்கு அது செல்லாது.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் முழு சுத்து 3.7 கிமீ. பெரிய பைக்ல ஓரளவு பழக்கம் இருக்கிறவர் ஒரு லேப்பை ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிருவார். 20 நிமிஷ செஷனுக்கு சுமார் பத்து லேப்னு வெச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு அஞ்சாறு செஷன், மொத்தமா பார்த்தா 200 கிமீ கிட்டதான் ஓடோமீட்டர்ல ஏறும், இன்ஜின் வேலை செஞ்ச நேரம் ரெண்டு மணி நேரம். வருஷத்துல பத்து ட்ராக் டே போனா 20 மணி நேரம், 2,000 கிமீ. சராசரியா 10,000 ஆர்பிஎம்னு எடுத்தா இந்த 20 மணி நேரத்துல கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற இன்ஜின் தண்டு) 1.2 கோடி தடவை சுத்திருக்கும். இதே எண்ணிக்கையை ரோட்ல 3,500 ஆர்பிஎம்ல 60 வேகத்துல போயி சுத்தணும்னா 3,400 கிமீ சொச்சம் போனா போதும். அவ்ளோதானா, ரெண்டாயிரத்துக்கு பதிலா மூவாயிரத்து நானூறு, இதுல என்ன வந்துச்சுன்னு தோணும். எண்ணிக்கைல ஒண்ணும் வரல, வர்றது விசைல.

பிஸ்டன் மேல போயி நின்னு திரும்ப கீழ வரணும், இதை ஒவ்வொரு சுத்துலயும் செய்யணும். அதை நிறுத்தி திருப்புற வேலை பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுக்கும் அதோட போல்டுக்கும் பேரிங்குக்கும். இந்த விசை ஆர்பிஎம் ஏற ஏற நேர் விகிதத்துல ஏறாது, வர்க்க விகிதத்துல ஏறும். இசட்எக்ஸ்-6ஆர் எடுத்துக்கலாம், 636 சிசி, ஸ்ட்ரோக் 45.1 மிமீ. 5,000 ஆர்பிஎம்ல பிஸ்டன் மேல விழற முடுக்கம் புவியீர்ப்பு மாதிரி சுமார் 630 மடங்கு, 15,000-ல அது 5,600 மடங்கையும் தாண்டிரும். வேகம் மூணு மடங்குதான் ஆச்சு, இழுவை ஒன்பது மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஐநூத்தி அறுபது கிலோ இழுவை, அதுவும் நிமிஷத்துக்கு 15,000 தடவை. உலோகத்துக்கு களைப்புன்னு ஒண்ணு உண்டு, அதுவும் நேர்க்கோட்டுல போகாது, சுமை ரெண்டு மடங்கானா ஆயுசு பாதியாகும்னு நினைக்காதீங்க, அதை விட ரொம்ப வேகமா குறையும். அதனாலதான் 3,500 ஆர்பிஎம்ல லட்சம் கிமீ ஓடுற அதே ராட், அதே போல்ட், ரெட்லைன்லயே வாழ்ந்தா வேற கதையாயிடுது.

ரேஸ் உலகத்துல கிமீ கணக்கையே யாரும் பேசறதில்ல. மோட்டோகிராஸ் பைக் மேனுவலைத் திறந்தா ஆயில்ல இருந்து பிஸ்டன் வரைக்கும் எல்லாமே மணி நேரக் கணக்குலதான் இருக்கும். மோட்டோஜிபிக்கு அடுத்த படியில இருக்கிற மோட்டோ2 ரேஸ்ல 2019-ல இருந்து எல்லா டீமுக்கும் ட்ரையம்ஃபோட 765 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின்தான், சீல் வெச்சு குடுப்பாங்க, டீம் திறக்கக் கூடாது, சுமார் மூணு ரேஸ் வீக்கெண்டுக்கு ஒரு தடவை ஸ்பெயின்ல இருக்கிற எக்ஸ்டர்ன்ப்ரோவுக்கு போயி பிரிச்சு கோர்த்து வரும். ரோட் பைக்ல இருந்து பொறந்த இன்ஜினுக்கே அந்த கதி. நம்ம ட்ராக் டே ஆளு அந்த அளவுக்கு அடிக்கப் போறதில்ல, அதனால அந்த கணக்கு நமக்கு வேண்டாம், ஆனா திசை அதுதான்.

இப்ப இதுலயே பலரும் தலைகீழா புரிஞ்சுக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. லிட்டர் பைக்தான் (1,000 சிசி கிட்ட இருக்கிற வண்டி) இன்ஜினை சீக்கிரம் தின்னும், சின்ன பைக்னா கவலை இல்லைன்னு நினைப்பாங்க. தேய்மானத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் உல்டா. எஸ்1000ஆர்ஆர் மாதிரி 200 குதிரைத்திறன் வண்டியை நம்ம ஊர் ட்ராக்ல முழு த்ராட்டில்ல வெச்சிருக்க முடியுற நேரம் ஒரு லேப்ல சில வினாடிகள்தான், மீதி நேரம் பாதி த்ராட்டில், கால் த்ராட்டில், இல்லன்னா எலக்ட்ரானிக்ஸ் நடுவுல பூந்து பவரைக் குறைச்சுட்டு இருக்கும். அதே ட்ராக்ல ஒரு ஆர்சி 390 எடுத்துட்டு போங்க, கார்னர் முடிஞ்ச உடனே முறுக்கின த்ராட்டில் அடுத்த பிரேக்கிங் வரைக்கும் அப்படியேதான் இருக்கும், ஒத்தை சிலிண்டர், 89 மிமீ பிஸ்டன், ரெட்லைன் பக்கத்துலயே குடித்தனம். ஆர்15, அப்பாச்சி ஆர்ஆர் 310 எல்லாம் இதே ஜாதிதான். கோவை செட்டிபாளையம் காரி ட்ராக் இன்னும் சின்னது, ரெண்டு கிமீ சொச்சம், அங்க லிட்டர் பைக் மூச்சே விடாது, சின்ன பைக்குக்கு மட்டும் அங்கயும் அதே வேலை.

ஆக சின்ன பைக் இன்ஜின் சீக்கிரம் தேயும், ஆனா அதை சரி பண்ண ஆகுற காசு கம்மி. லிட்டர் பைக் இன்ஜின் மெதுவா தேயும், தேஞ்சா மட்டும் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். நடுவுல மாட்டுறது 600 கிளாஸ், அதோட பவர் எல்லாம் 12,000-க்கு மேலதான் இருக்கு, ஓட்டுறவன் அங்கயே வெச்சு ஓட்டணும், நாலு சிலிண்டர், 16 வால்வு, பார்ட்ஸ் விலையோ லிட்டர் பைக்குக்கு பக்கத்துல. இன்ஜின் செலவை மட்டும் வெச்சு சொல்லுன்னா ட்ராக்குக்குன்னு மொத பைக் வாங்குறவருக்கு 600-ஐ நான் சொல்லவே மாட்டேன், ஓட்டுறதுக்கு அதை விட சுகமான வண்டி இல்லைங்கிறது வேற விஷயம்.

சரி, காசு எங்க எங்க போகுதுன்னு பார்க்கலாம். மொத இடம் ஆயில்.

பைக்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் பொதுவா ஒரே ஆயில்தான். கார்ல கியர்பாக்ஸுக்கு தனி ஆயில், அதனால இன்ஜின் ஆயில் நிம்மதியா இருக்கும். பைக்ல கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு கடிக்கிற இடத்துல ஆயில் அரைபடுது, 10டபிள்யூ-40ல அந்த 40-ஐ, அதாவது சூட்டுலயும் இருக்க வேண்டிய கெட்டித்தன்மையை, புடிச்சு வெச்சிருக்கிற பாலிமர் நறுக்கப்பட்டு ஆயில் மெலிஞ்சுடும். மேல இருந்து கொஞ்சம் பெட்ரோல் ரிங் வழியா கசிஞ்சு கலக்கும், சூடு வேற. கிராங்க் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல நிக்கிறது சில மைக்ரான் ஆயில் படலம் மட்டும்தான், அது கிழிஞ்சா உலோகமும் உலோகமும் உரசும், அதுக்கப்புறம் அங்க காப்பாத்த ஒண்ணும் இல்ல. அதனால ரோட்ல 8,000 கிமீ, 10,000 கிமீ ஓடுற ஆயிலை ட்ராக்ல ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள்ல கொட்டிரணும். கருப்பாகல, இன்னும் தேன் கலர்லதான் இருக்குன்னு சொல்லி வெச்சுக்காதீங்க, மெலிஞ்சது கண்ணுக்கு தெரியாது. காரு ஆயில் விலை கம்மியா இருக்கேன்னு அதை ஊத்துறதும் வேண்டாம், அதுல உராய்வு குறைக்கிற மருந்து இருந்தா கிளட்ச் வழுக்கும், டப்பால ஜாசோ எம்ஏ2ன்னு (ஆயில்ல நனையுற பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயிலோட தரக் குறியீடு) இருக்கணும்.

ஆயில் லெவல் பத்தி ஒரு விஷயம். கார் கார்னர்ல போகும்போது ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும், பம்ப் காத்தை உறிஞ்சும், அதனால ரேஸ் கார்ல பெரிய பெரிய ஏற்பாடெல்லாம் பண்ணுவாங்க. பைக் 50 டிகிரி சாஞ்சு போனாலும் ஆயிலுக்கு வண்டி நேரா நிக்கிற மாதிரிதான், ஏன்னா சாயுற கோணமே புவியீர்ப்பும் வெளித்தள்ளுற விசையும் சேர்ந்து வண்டியோட நடுக்கோடு வழியா இறங்குற மாதிரிதான் அமையுது. பைக்குக்கு ஆபத்து கார்னர்ல இல்ல, பிரேக்கிங்ல. ஸ்ட்ரெய்ட் முடியுற இடத்துல பின் வீல் தூக்குற அளவுக்கு பிரேக் அடிக்கும்போது ஆயில் எல்லாம் முன்னாடி ஓடிரும், அதே நேரம் நீங்க கியர் குறைச்சு ஆர்பிஎம் உச்சத்துல இருப்பீங்க. வீலி போட்டா ஆயில் பின்னாடி ஓடும். லெவல் கம்மியா இருக்கிற வண்டிக்கு அந்த ஒரு வினாடி போதும். ட்ராக்ல ஓடுற இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அது சகஜம், அதனால ஒவ்வொரு செஷன் முடிஞ்சும் வண்டியை நேரா புடிச்சு கிளாஸ்ல லெவல் பார்க்கிறது ஓசில கிடைக்கிற இன்சூரன்ஸ். மேல் கோட்டுக்கு பக்கத்துலயே வெச்சுக்கோங்க, கோட்டைத் தாண்டியும் ஊத்தாதீங்க, அதிகமான ஆயில் ப்ரீதர் (இன்ஜின் உள் காத்து வெளியேறுற குழாய்) வழியா ஏர்பாக்ஸுக்குள்ள வந்துரும்.

ஆயில் மாத்தும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாம வெட்டிப் பாருங்க. ஃபில்டர் கட்டர் கிடைக்குது, இல்லன்னா ஹேக்ஸா இருக்கவே இருக்கு, ஆனா அறுக்குற தூளு உள்ள விழுந்து நம்மள ஏமாத்தும், அதனால கட்டர்தான் நல்லது. உள்ள இருக்கிற மடிப்பு காகிதத்தை வெளிய இழுத்து, ஆயிலைப் பிழிஞ்சு, வெயில்ல விரிச்சு வெச்சு பார்க்கணும். டிரெயின் போல்ட்டோட காந்தத்துல சாம்பல் கலர்ல பேஸ்ட் மாதிரி ஒட்டிருந்தா அது கியர் தேய்மானம், ஒண்ணும் பயப்பட வேண்டாம். மடிப்புக்குள்ள வெள்ளை மினுமினுப்பு கொஞ்சம் இருக்கலாம். ஆனா நகத்துல எடுக்குற அளவுக்கு செதில் செதிலா, அதுவும் செம்பு நிறத்துல காந்தத்துல ஒட்டாத துணுக்கு கிடைச்சா, பேரிங்கோட மேல் பூச்சு போயி அடியில இருக்கிற செம்புக் கலவை வரைக்கும் தேய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே வண்டியை நிறுத்தினா பேரிங் செட்டோட, மிஞ்சினா கிராங்க் பாலிஷோட முடியும். இன்னொரு ட்ராக் டே போயி பார்ப்போம்னு போனா ராட் கேஸை உடைச்சுட்டு வெளிய வரும், அப்புறம் அந்த இன்ஜின்ல இருந்து எடுத்து வெக்கறதுக்கு ஸ்டார்டர் மோட்டார்தான் மிச்சம்.

ரெண்டாவது பெரிய செலவு டேப்பெட். பழைய வண்டில டேப்பெட் லூஸானா டக்டக்னு சத்தம் வரும், காதுலயே தெரியும். பெர்ஃபாமன்ஸ் பைக்ல பிரச்சனை எதிர்ப்பக்கம். ஓட ஓட வால்வு சீட்டுக்குள்ள அடிச்சு அடிச்சு பதியும், குறிப்பா எக்ஸாஸ்ட் வால்வு, அதனால இடைவெளி கூடாம குறையும், சத்தமும் குறையும், வண்டி நல்லா அமைதியா ஓடுதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்போம். இடைவெளி மொத்தமா போச்சுன்னா வால்வு முழுசா மூடாது, மூடாத வால்வு சூட்டை சீட்டுக்கு குடுக்க முடியாம விளிம்புல கருகும், கம்ப்ரஷன் போகும். சூடா இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம் புடிக்கிறது, ஐட்லிங் தடுமாறுறது, இதெல்லாம்தான் மொத அறிகுறி. எஸ்1000ஆர்ஆர் மாதிரி டைட்டானியம் வால்வு இருக்கிற வண்டில இன்னும் உஷாரா இருக்கணும், மேல இருக்கிற கெட்டிப் பூச்சு போற வரைக்கும் அசையாம இருக்கும், போயிட்டா அதுக்கப்புறம் கடகடன்னு போகும்.

இதுல வேடிக்கை என்னன்னா மாத்த வேண்டிய பொருள் ஒரு ஷிம், சட்டை பட்டன் சைஸ் இரும்பு வில்லை, விலை நூத்துக் கணக்குல. காசு போறது அதுகிட்ட போய்ச் சேர்றதுக்கு. டேங்க், ஏர்பாக்ஸ், த்ராட்டில் பாடி, ரேடியேட்டரை நகத்தணும், வால்வு கவரைக் கழட்டி 16 வால்வையும் அளந்து, கணக்குப் போட்டு, ஷிம் வாங்கி, ரெண்டு கேம்ஷாஃப்டையும் வெளிய எடுத்து மாத்தி, திரும்ப கோர்த்து, திரும்ப அளக்கணும். நல்ல மெக்கானிக்குக்கே ஒரு முழு நாள். டுகாட்டியோட டெஸ்மோல வால்வை மூடறதுக்கும் தனி ராக்கர் இருக்கு, ஒவ்வொரு வால்வுக்கும் ரெண்டு இடைவெளி அளக்கணும், நாலு சிலிண்டர்னா 32 அளவு, அந்த பில் ஏன் அப்படி இருக்குன்னு இதுலயே புரியும். ஆர்சி 390-ல மொத்தமே நாலு வால்வு. என் கணக்குல ட்ராக் வண்டிக்கு வருஷம் ஒரு தடவை, சீசன் முடிஞ்ச கையோட திறந்து அளந்துரலாம், அளவை ஒரு நோட்டுல எழுதி வெச்சா அடுத்த வருஷம் எந்த வால்வு எவ்ளோ இறங்கிருக்குன்னு பார்த்தே இன்ஜின் நிலைமையைச் சொல்லிரலாம்.

திறக்காமலே உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க லீக்டவுன் டெஸ்ட் இருக்கு. சிலிண்டருக்குள்ள காத்தை அடைச்சு எத்தனை சதவீதம் கசியுதுன்னு பார்ப்பாங்க. பத்துக்குள்ள இருந்தா நிம்மதி, இருபதைத் தொட்டா வேலை இருக்கு. காத்து சைலன்ஸர் வழியா வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ப்ரீதர் வழியா வந்தா ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். ரிங் போன கேஸ்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 மாதிரி லேத்துல குடுத்து போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுற வேலை இங்க நடக்காது. சிலிண்டர் அலுமினியம், உள்ள நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு, கோடு விழுந்துட்டா புது சிலிண்டர் இல்லன்னா திரும்ப பூச்சு ஏத்தணும். லிட்டர் பைக்ல பல வண்டிக்கு சிலிண்டர் மேல் கேஸோடயே சேர்ந்து ஒரே வார்ப்பா வரும், அப்ப விலையை நீங்களே யோசிச்சுக்கோங்க. புதுப்பேட்டைல தேடினா எதுவும் கிடைக்கும்னு சொல்வாங்க, இந்த ஐட்டம் கிடைக்காது, ஆர்டர் போட்டு வாரக்கணக்குல காத்திருக்கணும்.

மூணாவது, கியர் தட்டுற காலோட தப்பு, இதுக்கு எந்த பராமரிப்பும் உதவாது. ரெவ் லிமிட்டர் இருக்கே இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்போம். த்ராட்டில் முறுக்கி ஏத்துற ஆர்பிஎம்மைத்தான் அது தடுக்கும். பிரேக்கிங்ல நாலுக்கு பதிலா ரெண்டுக்கு தட்டிவிட்டு கிளட்ச்சை விட்டா பின் வீல் இன்ஜினைச் சுத்தும், அங்க லிமிட்டருக்கு வேலையே இல்ல. ஸ்லிப்பர் கிளட்ச் (பின் வீல் இன்ஜினை இழுத்தா கொஞ்சம் வழுக்குற கிளட்ச்) கொஞ்சம் விட்டுக்குடுக்கும், முழுசா காப்பாத்தாது. ஆர்பிஎம் எல்லையைத் தாண்டினா வால்வு ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூட முடியாது, மேல வர்ற பிஸ்டன் திறந்திருக்கிற வால்வைத் தட்டும். வளைஞ்ச வால்வோட ஹெட் வேலை, அதிர்ஷ்டம் இருந்தா அதோட போகும். கியரும் இதே மாதிரிதான், குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் புடிக்காம கியர் மாத்துற வசதி) இருக்குன்னு அரைகுறையா தட்டினா கியர் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிற டாக் முனை மழுங்கும். 2015 மாடல் ஆர்1-ஐ யமஹாவே கியர்பாக்ஸுக்காக ரீகால் பண்ணாங்க, ரேஸ் மாதிரி கடுமையா ஓட்டும்போது கியர் உடையலாம்னு. அது கம்பெனி செலவுல போச்சு, நம்ம காலு மழுக்கினது அப்படிப் போகாது.

கூலண்ட் பத்தி சுருக்கமா. உலக பைக் ரேஸ் அமைப்பான எஃப்ஐஎம்மோட ரேஸ் விதில கிளைக்கால் கலந்த கூலண்ட் கூடாது, வெறும் தண்ணி, இல்லன்னா ஆல்கஹால் கலந்த தண்ணிதான், ஏன்னா கிளைக்கால் ட்ராக்ல கொட்டினா பின்னாடி வர்றவன் எல்லாம் வழுக்கி விழுவான். பல ட்ராக் டேவிலயும் இதையே கேப்பாங்க. தண்ணி சூட்டை நல்லாவே கடத்தும், ஆனா அலுமினியத்தை அரிக்கும், வாட்டர் பம்ப் சீல் தேயும். அதனால டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க, நம்ம ஊரு போர் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டருக்குள்ள உப்பு படிஞ்சுரும், மாசக்கணக்குல நிக்கப் போற வண்டின்னா திரும்ப கூலண்டுக்கு மாத்திருங்க. ஏர் ஃபில்டரும் அப்படித்தான், ட்ராக்கை விட்டு ஓரத்து மண்ணுக்குள்ள போயிட்டு வந்தா அன்னைக்கே கழட்டிப் பாருங்க, ரிங்கை ஒரே நாள்ல கொல்றதுக்கு மண்ணு போதும்.

இப்ப தோராயமா ஒரு கணக்கு, இது என் கணக்கு, ஊருக்கு ஊரு, கடைக்கு கடை மாறும். லிட்டர் பைக், வருஷம் பத்து ட்ராக் டே, 20 மணி நேரம். நாலு லிட்டர் கிட்ட ஆயில், லிட்டர் 1,500-னு வெச்சா ஃபில்டரோட ஒரு தடவைக்கு ஏழாயிரம், அஞ்சு தடவை, 35,000. ப்ளக், ஏர் ஃபில்டர், இதர சில்லறை ஒரு 15,000. டேப்பெட் செக் வெளிய நல்ல மெக்கானிக்கிட்ட 25,000. மொத்தம் 75,000, மணிக்கு 3,750 ரூபாய். இதுக்கு மேல, நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூணு லட்சத்துல இன்ஜினைத் திறந்து கோர்க்க வேண்டி வரும்னு வெச்சா மணிக்கு இன்னொரு 3,000 தனியா எடுத்து வெக்கணும். அதே 20 மணி நேரத்துக்கு ஆர்சி 390-ல ஒண்ணே முக்கால் லிட்டர் கிட்டதான் ஆயில், அதனால எல்லாம் சேர்த்து மணிக்கு ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சுரும், பிஸ்டன் ரிங் சிலிண்டர்னு மேல் பாகத்தையே மாத்தினாலும் சில பத்தாயிரங்கள்தான். டயரோட ஒப்பிட்டா இந்த இன்ஜின் செலவு ஒண்ணுமே இல்லைன்னு சிலர் சொல்வாங்க, லிட்டர் பைக் டயர் செலவைப் பார்த்தா அது உண்மையும் கூட, ஆனா டயர் செலவு சொல்லிட்டு வரும்.

இன்ஜின் போச்சுன்னா வேற யாரும் வர மாட்டாங்க. நம்ம நாட்டு மோட்டார் பாலிசில ரேஸ், ஸ்பீட் டெஸ்ட் எல்லாம் விலக்குன்னு தெளிவாவே எழுதிருக்கும், கம்பெனி வாரண்டியும் போட்டில ஓட்டினா செல்லாது. இப்ப வர்ற ஈசியுவுல (இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர்) எத்தனை தடவை எந்த ஆர்பிஎம் வரைக்கும் போச்சுன்னு பதிவாகுற வண்டியும் இருக்கு, அதனால ஹைவேல போகும்போது திடீர்னு நின்னுச்சு சார்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னா சிரிப்பாங்க.

செகண்ட் ஹேண்ட்ல ட்ராக் பைக் வாங்குறவங்களுக்கு இதெல்லாம் பேரத்துல உதவும். 6,000 கிமீதான் ஓடிருக்குன்னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க, அதை மதிக்க வேண்டாம். எத்தனை மணி நேரம் ட்ராக்ல, எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஆயில், கடைசியா டேப்பெட் அளந்த நோட் எங்கன்னு கேளுங்க. டிரெயின் போல்ட்ல லாக்வயர் (போல்ட் கழண்டுக்காம கட்டுற கம்பி) ஓட்டை போட்டிருந்தா அந்த வண்டி ரேஸ் பார்த்திருக்கு, அது தப்பில்ல, ஒழுங்கா பார்த்துக்கிட்ட ரேஸ் வண்டி, ஆயிலே மாத்தாம வெறும் ட்ராக் டே ஓட்டின வண்டியை விட எவ்ளோவோ மேல். நோட்டும் இல்ல, லீக்டவுன் பார்க்கவும் விட மாட்டேன்னு சொன்னா, ஒரு ஹெட் வேலையோட காசைக் கழிச்சுட்டு விலை சொல்லுங்க, குடுக்கலன்னா அடுத்த வண்டி.